மூன்று, ஐந்து, பதினைந்து: இணையப் படிவத்தில் தமிழை உடையாமல் வாங்கும் வழி

வாசகர் வட்டம் ஒன்று நடத்தும் சிறு நூலகத்துக்கு உறுப்பினர் சேர்க்கைப் படிவம் எழுதிக் கொடுத்தேன். நான் எழுதிய முதல் இணையப் படிவம் அது. பெயர், முகவரி, தொலைபேசி எண், அவ்வளவுதான். திறப்பு நாளன்று மாலை முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் கைப்பேசியிலேயே தமிழில் நிரப்பினார்கள். இரவு தரவுத்தளத்தைத் திறந்தால், பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். தொலைபேசி எண்கள் மட்டும் பிழைத்திருந்தன. மறுநாள் முழுக்க ஒவ்வொருவராக அழைத்து, பெயரை இன்னொரு முறை கேட்டு எழுதிக்கொண்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "நேற்றுத்தானே தம்பி, ஆசையாகத் தமிழில் எழுதினேன்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அதன்பின் எந்தப் படிவத்தை எழுதினாலும், தமிழ் போய்ச் சேர்ந்து திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குகிறேன். அந்த முறையை, இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பிஎச்பி என்ற நிரல்மொழி, மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் இரண்டிலிருந்தும் வருகின்றன. சிறு அமைப்புகளின் தளங்களில் அவைதாம் அதிகம் எதிர்ப்படும். கட்டளைப் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். நிரலில் அவற்றை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல்லை எண்ணிப் பாருங்கள்

"தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் த, மி, ழ் என்று மூன்று விரலை நீட்டும். கணினியிடம் கேட்டால் இரண்டு வேறு விடைகள் வரும்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பட்டியலான யூனிகோடு "மி" என்பதை ஒரே எழுத்தாக வைத்திருக்கவில்லை. ம ஒன்று, இகரக் குறி ஒன்று. "ழ்" என்பதும் ழ ஒன்று, புள்ளி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அதைக் குறியெண் என்போம். த 2980, ம 2990, இகரக் குறி 3007, ழ 2996, புள்ளி 3021. ஆக, ஐந்து குறியெண்கள்.

இந்த எண்கள் கம்பியிலும் வட்டிலும் அப்படியே பயணம் செய்வதில்லை. பைட்டுகளாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். மாற்றும் முறைக்குக் குறிமுறை என்று பெயர். குறிமுறைகளில் இன்று இணையம் முழுவதும் பயன்படுவது யுடிஎஃப்-8. கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் வடிவமைத்தது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்த் தொகுதியில் உள்ள ஒவ்வொரு குறியெண்ணுக்கும் மூன்று பைட். த என்பது 224, 174, 164 ஆகிறது. தமிழில் எதை எடுத்தாலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஐந்து குறியெண்ணுக்கு மும்மூன்றாகப் பதினைந்து பைட்டுகள்.

மூன்று எழுத்து, ஐந்து குறியெண், பதினைந்து பைட். இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இனி வரப்போகும் ஒவ்வொரு கோளாறும் தன்னை இந்த எண்களில்தான் காட்டிக்கொடுக்கும்.

படிவத்தில் தட்டிய பெயர் உலாவி, சர்வர் நிரல், தரவுத்தள இணைப்பு, அட்டவணை என்று நான்கு கைகள் மாறுகிறது. திரும்பி வரும்போது அதே வழியே வருகிறது. பைட்டுகள் தம் முதுகில் "நான் யுடிஎஃப்-8" என்று எழுதிக்கொண்டு போவதில்லை. வாங்கும் கைக்கு நாம்தான் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாத இடத்தில் அது தன் பழைய வழக்கப்படி படிக்கும். பழைய வழக்கம் பெரும்பாலும் லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பியப் பட்டியல். அதில் மொத்தமே 256 இடங்கள், தமிழுக்கு ஓர் இடமும் கிடையாது.

படி 1: பக்கமும் படிவமும்

உங்கள் எச்டிஎம்எல் கோப்பைச் சேமிக்கும்போதே யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். பிறகு தலைப்பகுதியில் முதல் வரியாக குறிமுறையின் பெயரைச் சொல்லும் மெட்டா சார்செட் குறிச்சொல்லை இட்டு யுடிஎஃப்-8 என்று அறிவியுங்கள். முதல் வரி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: இந்த அறிவிப்பு கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நீளமான கருத்துரைகளையும் நிரல் துண்டுகளையும் மேலே குவித்துவிட்டு இதைக் கீழே தள்ளியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சர்வர் அனுப்பும் கண்டென்ட்-டைப் தலைப்பிலும் அதே சார்செட் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் உலாவி சர்வரின் பேச்சைத்தான் கேட்கும். மெட்டா குறிச்சொல்லை எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் பயனில்லை. உலாவியின் நிரலாளர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் இந்தத் தலைப்பைக் கண்ணால் பார்க்கலாம்.

பக்கம் எந்தக் குறிமுறையில் இருக்கிறதோ, படிவமும் அதே குறிமுறையில்தான் கிளம்பும். படிவக் குறிச்சொல்லில் அக்செப்ட்-சார்செட் என்ற பண்பைச் சேர்த்து யுடிஎஃப்-8 என்று வலியுறுத்தலாம். பக்கம் சரியாக இருந்தால் அது தேவைப்படாது. பக்கம் லத்தீன்-1 என்று அறிவித்திருந்து, அதில் ஒருவர் தமிழில் தட்டினால் என்ன ஆகும்? உலாவிக்கு அந்தப் பட்டியலில் த கிடைக்காது. ஆகவே எழுத்துக்குப் பதிலாக த என்ற எண் வடிவத்தை அனுப்பிவிடும். "தமிழ்" இப்படிப் போகும்:

தமிழ்

திரையில் திரும்பக் காட்டும்போது உலாவி இதைத் தமிழாகவே மாற்றிக் காட்டிவிடக்கூடும் என்பதால் மாதக்கணக்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள். தேடல் வேலை செய்யவில்லை என்று புகார் வரும்போதுதான் தெரியும்.

படி 2: சர்வர் வாங்கும் இடம்

சாதாரணப் படிவத்தின் கோரிக்கையில் சார்செட் பற்றிய தகவல் வருவதில்லை. சர்வர் நிரல் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

ஜாவாவில் கோரிக்கைகளை வாங்கும் நிரலான சர்வ்லெட்டில் இது பெரிய பள்ளம். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் அது படிவத்தின் உடலை லத்தீன்-1 ஆகத்தான் படிக்கும். கோரிக்கையின் குறிமுறையை யுடிஎஃப்-8 என்று அமைக்கும் கட்டளையை, முதல் புலத்தை வாங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். ஒரே ஒரு புலத்தை வாங்கிய பிறகு கொடுத்தாலும் அது எடுபடாது. பிழைச் செய்தியும் வராது.

பிஎச்பி அப்படி எதையும் மாற்றுவதில்லை. வந்த பைட்டுகளை அப்படியே கையில் கொடுக்கிறது. அதன் சரம் என்பதே பைட் வரிசைதான். ஆகவே ஆபத்து வாங்கும் இடத்தில் இல்லை, வெட்டும் இடத்தில் இருக்கிறது. நீளம் கேட்டால் "தமிழ்" 15 என்று சொல்லும். முதல் பத்தை வெட்டிக் கொடு என்றால் "தமி" என்ற ஒன்பது பைட்டோடு ழவின் முதல் பைட்டையும் சேர்த்து வெட்டிக் கொடுக்கும். அந்த ஒற்றை 224-ஐ யாராலும் படிக்க முடியாது. திரையில் கறுப்பு வைர வடிவத்துக்குள் ஒரு கேள்விக்குறி தெரியும். எனவே பைட்டை விட்டுக் குறியெண்ணை எண்ணும், எம்பி என்று தொடங்கும் செயற்கூறுகளையே எங்கும் பயன்படுத்துங்கள். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் இதே சொல்லுக்கு 5 என்று விடை தரும்.

உள்ளே வந்தது சரியான யுடிஎஃப்-8 தானா என்று ஒரு சோதனையும் வையுங்கள். பிஎச்பியில் எம்பி செக் என்கோடிங் என்ற செயற்கூறு அதற்காகவே இருக்கிறது. சரியில்லை என்றால் திருத்தப் பார்க்காமல் கோரிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

படி 3: தரவுத்தளம்

என் கேள்விக்குறிகள் பிறந்த இடம் இதுதான். மைஎஸ்கியூஎல் பல ஆண்டுகள் லத்தீன்-1-ஐயே இயல்பாக வைத்திருந்தது. 2018-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்துதான் முழு யுடிஎஃப்-8-க்கு அது வைத்த பெயரான யுடிஎஃப்8எம்பி4 இயல்பாயிற்று. நான் அட்டவணையை உருவாக்கியபோது குறிமுறையைச் சொல்லவே இல்லை. வந்த தமிழை அது லத்தீன்-1-க்கு மாற்ற முயன்று, இடம் கிடைக்காத ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டது. கண்டிப்பான பயன்முறை இருந்திருந்தால் பிழைச் செய்தியாவது வந்திருக்கும். 5.7 பதிப்பிலிருந்து அந்தப் பயன்முறை இயல்பாகவே இயங்குகிறது. தொல்லை என்று நினைத்து அதை அணைத்துவிடாதீர்கள்.

இரண்டு இடங்களில் சொல்ல வேண்டும். ஒன்று, அட்டவணையின் குறிமுறை. இன்னொன்று, இணைப்பின் குறிமுறை. பிஎச்பியிலிருந்து தரவுத்தளத்தை இணைக்க இரண்டு வழிகள் உண்டு. பிடிஓ பயன்படுத்தினால் இணைப்புச் சரத்திலேயே சார்செட் என்று எழுதி யுடிஎஃப்8எம்பி4 கொடுங்கள். மைஎஸ்கியூஎல்ஐ என்றால் செட் சார்செட் கட்டளை.

ஏன் வெறும் யுடிஎஃப்8 என்று எழுதக் கூடாது? மைஎஸ்கியூஎல்லில் அந்தப் பெயர் முழு யுடிஎஃப்-8-ஐக் குறிக்கவில்லை. மூன்று பைட்டுக்கு மேல் போகாத குறைப்பிறவி அது. தமிழுக்கு மூன்று பைட் போதுமே என்று சிலர் வாதாடுவார்கள். முகவரிப் பெட்டியில் ஒருவர் ஓர் இமோஜியைத் தட்டினால் போதும், அதற்கு நான்கு பைட் வேண்டும். பிழை வரும், அல்லது இமோஜியிலிருந்து பின்னால் உள்ள உரை முழுவதும் வெட்டுப்படும். தமிழுக்கே கூட மூன்று போதாது. மாகாணி, அரைக்கால் போன்ற நம் பழைய பின்னக் குறிகளும் நில அளவை, தானிய அளவைக் குறிகளும் 2019-இல் யூனிகோடு 12.0-இல் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. அவை ஒவ்வொன்றும் நான்கு பைட். பழைய நில ஆவணங்களைத் தட்டச்சு செய்ய யாராவது உங்கள் படிவத்துக்கு வரக்கூடும்.

இப்போது எல்லாவற்றிலும் கொடிய கோளாறு. அட்டவணை சரி, நிரலும் யுடிஎஃப்-8 பைட்டுகளைத்தான் அனுப்புகிறது, இணைப்பு மட்டும் லத்தீன்-1 என்று இருக்கிறது. தரவுத்தளம் பதினைந்து பைட்டுகளையும் பதினைந்து ஐரோப்பிய எழுத்துகள் என்று நம்பி, அவற்றை யுடிஎஃப்-8 ஆக மறுபடியும் மாற்றிச் சேமிக்கிறது. திரும்பப் படிக்கும்போது அதே தவறு எதிர்த்திசையில் நடப்பதால் உங்கள் பக்கத்தில் தமிழ் அழகாகத் தெரியும்! தவறு தவறை மறைத்துவிட்டது. பிறகு ஒருநாள் வேறொருவர் இணைப்பைச் சரிசெய்வார். அன்றைக்குப் பழைய பதிவுகள் எல்லாம் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளும் வட்டத்துக்குள் அடைத்த குறிகளுமாக மாறி நிற்கும். பழி, சரிசெய்தவர் மேல் விழும்.

படி 4: இரண்டு எண்களைக் கேளுங்கள்

கோளாறு எந்தக் கையில் நடந்தது என்று கண்டுபிடிக்கத் திரையை நம்பாதீர்கள். படிவத்தில் "தமிழ்" என்று மட்டும் தட்டி அனுப்புங்கள். பிறகு தரவுத்தளத்தில் அந்தப் பதிவுக்கு சார் லெங்த், லெங்த் என்ற இரண்டு செயற்கூறுகளையும் கேளுங்கள். முதலாவது குறியெண்களை எண்ணும். இரண்டாவது பைட்டுகளை எண்ணும்.

5, 15 என்று வந்தால் எல்லாம் சரி.

5, 5 என்று வந்தால் உள்ளே இருப்பவை கேள்விக்குறிகள். மீட்க வழியே கிடையாது. தொலைபேசியை எடுக்க வேண்டியதுதான்.

15, 30 என்று வந்தால் இணைப்புத் தவறு. இரட்டைக் குறியேற்றம் நடந்திருக்கிறது. இதை மீட்கலாம்: லத்தீன்-1-க்கு மாற்றி, அதை வெறும் பைட்டாக எடுத்து, அந்தப் பைட்டுகளை யுடிஎஃப்8எம்பி4 என்று படிக்கச் சொல்ல வேண்டும். மூன்றையும் ஒரே எஸ்கியூஎல் வரியில் எழுதிவிடலாம்.

15, 15 என்றால் லத்தீன்-1 நெடுவரிசைக்குள் யுடிஎஃப்-8 பைட்டுகள் அப்படியே கிடக்கின்றன. நெடுவரிசையை முதலில் பைனரி வகைக்கு மாற்றி, அங்கிருந்து யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள். லத்தீன்-1-இலிருந்து நேராக மாற்றினால் 15, 30 கோளாறை உங்கள் கையாலேயே உண்டாக்கியவர் ஆவீர்கள்.

35, 35 என்றால்? மேலே பார்த்த த வகை. ஒவ்வொன்றும் ஏழு எழுத்து, ஐந்து ஏழு முப்பத்தைந்து. பக்கத்தின் அறிவிப்பில் தவறு.

எந்த மீட்பு வேலைக்கும் முன்னால் காப்புப்படி எடுங்கள். முதலில் படியில் செய்து பாருங்கள். இன்னொன்று. இந்த மீட்பைத் தரவுத்தளத்துக்கு வெளியே, பைத்தான் போன்ற கருவியில் விண்டோஸ்-1252 பட்டியலை வைத்துச் செய்யப் போனால் புள்ளி வைத்த எழுத்துகள் எல்லாம் பிழை காட்டும். புள்ளியின் மூன்றாவது பைட் 141. அந்தப் பட்டியலில் 141 காலியிடம். மைஎஸ்கியூஎல் தன் லத்தீன்-1 பட்டியலில் இந்தக் காலியிடத்தையும் நிரப்பி வைத்திருப்பதால் அங்கே புள்ளி தப்பிவிடும். புள்ளி இல்லாமல் தமிழில் எத்தனை பெயர்கள் உண்டு? ஆகவே மீட்பைத் தரவுத்தளத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள்.

படி 5: சரிபார்ப்பு என்ற பெயரில் பெயரை மறுக்காதீர்கள்

"பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்" என்று சிவப்பில் ஒரு செய்தி. தட்டியவர் தன் பெயரைத்தான் தட்டியிருக்கிறார். அந்தச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

காரணம் எளியது. உரையின் அமைப்பைச் சோதிக்கும் தேடு கோவைகளில் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) யூனிகோடு எழுத்து என்ற வகையை மட்டும் அனுமதித்தால் க, ம, ழ நுழையும். காலும் கொம்பும் புள்ளியும் நுழையாது. அவை யூனிகோடின் கணக்கில் எழுத்துகள் அல்ல, குறிகள். எழுத்து வகையோடு குறி வகையையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும்.

சிலர் "அ முதல் ஹ வரை" என்று எல்லை போடுவார்கள். அதிலும் இதே குறைதான், ஏனென்றால் எல்லாக் குறிகளும் ஹவுக்குப் பின்னால் இருக்கின்றன. அதோடு இன்னொன்றும் விடுபடும். நம் அரிச்சுவடியில் ஃ ஔவுக்குப் பின்னால் வரும். யூனிகோடில் அதன் எண் 2947, அ 2949. அவுக்கு முன்னாலேயே நிற்கிறது. ஃபாத்திமா என்று எழுதுபவர் வாசலிலேயே நிறுத்தப்படுவார்.

தலைப்பெழுத்துக்கு வருவோம். "மு. கருப்பையா" என்பதில் புள்ளியும் இடைவெளியும் பெயரின் பகுதி, அனுமதியுங்கள். குடும்பப் பெயர் என்று தனிப் புலம் வைத்து அதைக் கட்டாயமாக்காதீர்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று கிடையாது. தலைப்பெழுத்துக்குத் தனிப் புலம் வைத்து அதன் உச்ச நீளமான மேக்ஸ்லெங்த்தை 1 என்று போட்டால், "கி." என்ற தலைப்பெழுத்துக்காரர் கவோடு நின்றுவிடுவார். எழுத்து ஒன்றுதான், குறியெண் இரண்டு.

நீளக் கணக்கையும் அருகே வைத்துப் பார்ப்போம். "கிருஷ்ணமூர்த்தி" என்பதில் கி, ரு, ஷ், ண, மூ, ர், த், தி என்று எட்டு எழுத்து. குறியெண் பதினைந்து. பைட் நாற்பத்தைந்து. மேக்ஸ்லெங்த் 12 என்றால் "கிருஷ்ணமூர்த" வரைக்கும்தான் தட்ட முடியும். இருபது பைட் எல்லை என்றால் "கிருஷ்" முடிந்ததும் பதினெட்டு பைட் ஆகிவிடும். அடுத்த ணவின் முதல் இரண்டு பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் வார்சார்2 என்ற நெடுவரிசை வகை இயல்பாகப் பைட்டைத்தான் எண்ணும் என்பதால் அங்கே இந்த எல்லை அடிக்கடி இடிக்கும்; ஆனால் அது வெட்டாமல் பிழைச் செய்தி தரும். மைஎஸ்கியூஎல்லின் வார்சார் குறியெண்ணை எண்ணும். என் வழக்கம், பெயருக்கு 200 குறியெண் ஒதுக்கிவிடுவது. இடம் மலிவு.

பயனருக்கு "இன்னும் இத்தனை எழுத்து தட்டலாம்" என்று காட்ட விரும்பினால் அவர் எண்ணும் எழுத்தைக் காட்டுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் இன்டில் செக்மென்டர், பிஎச்பியில் கிராஃபீம் என்று தொடங்கும் செயற்கூறுகள் "தமிழ்" என்பதற்கு மூன்று என்றே விடை தரும்.

படி 6: ஒன்றுபோல் தெரியும், ஒன்றல்ல

ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் தட்டலாம். ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் தட்டலாம். "கொ" திரையில் ஒன்றுதான். தரவுத்தளத்துக்கு இரண்டும் வேறு. ஒரே ஆள் கணினியில் ஒருமுறை, கைப்பேசியில் ஒருமுறை பதிவு செய்தால் இரண்டு உறுப்பினர் ஆகிவிடுவார். இதற்கு மருந்து, இரண்டையும் ஒரே குறியெண்ணாக்கும் என்எஃப்சி என்ற இயல்பாக்கம். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ், பைத்தானில் யூனிகோடு டேட்டா தொகுதி, பிஎச்பியில் இன்டில் நீட்சியின் நார்மலைசர். சேமிக்கும் முன் ஒருமுறை, தேடும் சொல்லுக்கு ஒருமுறை. ஓ, ஔ குறிகளுக்கும் இதே மருந்து.

ஆனால் என்எஃப்சியால் தீராதவையும் உண்டு. "ஸ்ரீ" என்பதை ஸவைக் கொண்டும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶவைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். ஸ்ரீதர் என்று தேடினால் பாதி ஸ்ரீதர்கள் வரமாட்டார்கள். "கௌசல்யா" என்பதை ஔகாரக் குறியோடு எழுதுபவர்களும், கொம்பும் ளவும் சேர்த்து எழுதுபவர்களும் சரிபாதி இருப்பார்கள். "லக்ஷ்மி" என்பதில் க்ஷ ஒட்டாமல் இருக்க, கண்ணுக்குத் தெரியாத 8204 என்ற குறியெண்ணை நடுவில் வைக்கும் பழக்கமும் உண்டு.

இவற்றைச் சேமிக்கும்போதே திருத்திவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். கொம்பும் ளவும் வந்த இடத்தையெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றினால் "கெளுத்தி" என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நான் இரண்டு நெடுவரிசை வைக்கிறேன். ஒன்றில் அவர் எழுதியபடி பெயர், என்எஃப்சி மட்டும் செய்தது. இன்னொன்றில் தேடலுக்கான வடிவம்: அதில் ஶவை ஸவாக்கி, ஔகாரக் குறியைக் கொம்பும் ளவுமாகப் பிரித்து, 8204-ஐயும், அதேபோல் கண்ணுக்குத் தெரியாமல் எழுத்துகளை ஒட்டவைக்கும் 8205-ஐயும் நீக்கிவிடுகிறேன். தேடும் சொல்லையும் இதே வழியில் மாற்றித்தான் ஒப்பிடுகிறேன். தேடலில் எல்லா வடிவமும் சேர்ந்துகொள்ளும். உறுப்பினர் அட்டையில் அவர் எழுதிய பெயரே அச்சாகும்.

படி 7: பழைய எழுத்துருவில் ஒட்டியவை

யூனிகோடு பரவுவதற்கு முந்திய எழுத்துருக்களில் தட்டிய பட்டியல்கள் இன்னும் எத்தனையோ அலுவலகக் கணினிகளில் இருக்கின்றன. டிஸ்கி, 1999 சென்னை மாநாட்டையொட்டி வந்த டாம், டாப், இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவலான பாமினி என்று பல. அங்கிருந்து நகலெடுத்து உங்கள் படிவத்தில் ஒட்டுவார்கள்.

பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் "தமிழ்" என்று தெரிவது உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. குறிமுறைச் சோதனை எதிலும் இது சிக்காது, ஏனென்றால் அது செம்மையான ஆங்கிலம். மேலே சொன்ன இரண்டு எண்கள் 5, 5 என்று வரும். உள்ளே கேள்விக்குறி இருக்கிறதா, அரைப்புள்ளி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தமிழ்ப் பெயர் என்று குறித்த புலத்தில் தமிழ்க் குறியெண் ஒன்றுகூட இல்லாமல் நடுவில் அரைப்புள்ளி வந்தால், "இது பழைய எழுத்துருவில் உள்ளதுபோல் தெரிகிறது, தமிழ் விசைப்பலகையில் தட்ட முடியுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். தானாக மாற்றித் தர மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பெயரைக் காட்டி அவர் ஒப்புதல் வாங்கிய பிறகே சேமியுங்கள்.

படி 8: வெளியே அனுப்பும்போது

பக்கத்தில் காட்டும்போது எச்டிஎம்எல் ஸ்பெஷல் சார்ஸ் செயற்கூறு போதும். ஜேசன் வெளியீட்டில் தமிழுக்குப் பதிலாகப் பிற்சாய்கோடும் யுவும் எண்களுமாக வந்தால் பதறாதீர்கள். அது உடைந்த தமிழ் அல்ல, செல்லுபடியான எழுத்துமுறை. படிப்பவர் பக்கம் தமிழாகவே திறக்கும்.

சிஎஸ்வி கோப்பு வேறு கதை. நூலகச் செயலர் அதை எக்செல்லில் திறந்தால் குப்பை தெரியும். எக்செல்லுக்கு அடையாளம் வேண்டும்: கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளை எழுதுங்கள். இவற்றுக்குப் பிஓஎம் என்று பெயர். அதே மூன்று பைட்டுகள் உங்கள் பிஎச்பி கோப்பின் தொடக்கத்தில் இருந்தால் தலைப்புகள் ஏற்கெனவே போய்விட்டன என்ற பிழை வரும். எடிட்டரில் பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமியுங்கள்.

பிடிஎஃப் அட்டையில் "கெ" என்பதன் கொம்பு கவுக்குப் பின்னால் போய் நின்றால் குறிமுறையில் தேடாதீர்கள். சேமிப்பில் மெய்க்குப் பின்தான் கொம்பு இருக்கும்; அதை முன்னால் கொண்டுவந்து வரைவது உருவமைப்பு நிரலின் வேலை. உங்கள் பிடிஎஃப் நூலகத்தில் அந்த வசதி இல்லை என்று பொருள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை.

திறப்பதற்கு முன்

ஒரு கோப்பில் இந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தமிழ், கிருஷ்ணமூர்த்தி, கௌசல்யா, ஸ்ரீதர், லக்ஷ்மி, ஃபாத்திமா, மு. கருப்பையா. கணினியில் ஒருமுறை, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒருமுறை, ஐபோனில் ஒருமுறை தட்டி அனுப்புங்கள். கோப்பிலிருந்து ஒட்டாமல் விரலால் தட்டுங்கள், ஏனென்றால் விசைப்பலகைக்கு விசைப்பலகை வேறு குறியெண்கள் வரும். முகவரியில் ஓர் இமோஜி. பிறகு திருத்தும் பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் மறுபடி சேமியுங்கள்; இரட்டைக் குறியேற்றம் பலமுறை இரண்டாவது சேமிப்பில்தான் தலைகாட்டும். சிஎஸ்வி இறக்கி எக்செல்லில் பாருங்கள்.

எல்லாப் பெயரும் தட்டியபடியே திரும்பி வந்தால் படிவத்தைத் திறந்துவிடலாம். முதல் நாள் இரவு தூங்கப் போகுமுன் பெயர் நெடுவரிசையில் இரண்டு எண்களும் சமமாக உள்ள பதிவுகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள் வரும். அவற்றுக்கு நடுவே ஒரு கேள்விக்குறி தென்பட்டாலும் உடனே படிவத்தை நிறுத்திவிட்டு, அந்தத் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.